மின்னிசையும் அதன் பிரதிகளும்

ஆனி, ஆடி மாதங்களிற் சாரல் மிகுந்திருக்கும்போது குற்றாலத்துப் பேரருவியின் கீழ் நின்று நீராடியோர் யாவரும் ஒன்றை அறிவர். பக்கத்தில் நிற்கும் நண்பனுடைய வாய் அசைவது கண்ணுக்குத் தெரியும்; அவன் சொல்லும் சொல் காதுக்கு எட்டாது. அவன் பேசாமலில்லை; அவன் குரல் நம் செவியை வந்து சேராமலுமில்லை. அருவியின் பேரோசை அச்சிற்றோசையைத் தனக்குள் மறைத்துக்கொள்ளுகின்றது. இவ்வெளிய உண்மையை ஆதாரமாகக் கொண்டு ஜெர்மானிய விஞ்ஞானிகள் சிலர் செய்த ஒரு காரியம், உலகமெங்கும் சங்கீதம் பரவும் முறையை மாற்றிவிட்டது. அம்மாறுதல் மின்சாரக் கருவிகளாற் பிறக்கும் இசையில் என்ன விளைத்தது என்பதைத் தென்காசிச் சீமையிலிருந்துகொண்டே ஒருவாறு விளக்க முயல்கின்றேன்.

வீணையில் நரம்பும், நாதசுரத்திற் சீவாளியும், உறுமியில் தோலும் அசைவதால் ஒலி பிறக்கின்றது. மின்னிசையிலோ மின்னோட்டத்தின் அதிர்வே ஒலிபெருக்கி வழியாக ஓசையாகின்றது. அன்றேல் முன்னரே பதிந்து வைத்த ஓர் ஒலித்துணுக்கு வேண்டியபோது வேண்டிய சுருதியில் எழுப்பப்படுகின்றது. இத்தகைய இசை நம் நாட்டிற்கு நேற்று வந்ததன்று. 1969-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான டேவிட் டியூடர் என்பார் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மூக் சின்தசைசர் என்னுங் கருவியைக் கொணர்ந்து நிறுவினார். கீதா சாராபாய் முதலிய இந்தியர் சிலர் அதனைக்கொண்டு 1972 வரையில் இசை அமைத்து ஒலிநாடாவிற் பதிந்தனர். அந்நாடாக்கள் அக்கழகத்தின் அலமாரியிலேயே கிடந்தன. ஒருவரும் பிரதி எடுக்கவில்லை. ஆதலின் ஒருவரும் கேட்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து 2023-இல் அவை இசைத்தொகுதியாக வெளிவந்தபோதுதான் இந்தியாவில் இப்படியும் ஒன்று நடந்ததென்பதை உலகம் அறிந்தது. பிரதி எடுக்கப்படாத இசைக்கு நேருங் கதி இது. எடுக்கப்பட்ட இசைக்கு நேர்ந்ததை இனிக் காண்போம்.

இசையைப் பிரதி எடுக்கும் யந்திரங்களுள் நம்மவர் முதலிற் கண்டது கிராமபோன். செங்கோட்டை கிட்டப்பா 1933-இல் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவரை மேடையிற் கண்டவர்கள் இன்று இலர். எனினும் அவர் குரல் இசைத்தட்டுகளின் வாயிலாக இன்றும் கேட்கின்றது. அக்காலத்துத் தட்டுகளைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். 1902-இல் கல்கத்தாவிற் பாடிப் பதிந்த கௌஹர் ஜான் என்னும் பாடகி, பாட்டின் முடிவில் ‘என் பெயர் கௌஹர் ஜான்’ என்று ஆங்கிலத்திற் கூறி முடித்தார். தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் அச்சாயின. அங்குள்ள தொழிலாளிக்கு எத்தட்டில் யார் பாடியது என்று விளங்கும்பொருட்டே இவ்வாறு சொல்லப்பட்டதென்பர். காரணம் எதுவாயினும், பாடினவரின் பெயர் பாட்டுக்குள்ளேயே பதிந்துவிட்டது. மேலே ஒட்டிய தாள் கிழிந்து போகலாம், பெயர் போகாது. இதனை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும்.

கிராமபோன் தட்டைப் பெருக்குவது கம்பெனிக்கு இயலும், கேட்பவனுக்கு இயலாது. அந்நிலையை மாற்றியது பிலிப்ஸ் கம்பெனியார் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் வைத்த கேசட் என்னுஞ் சிறு ஒலிநாடாப் பெட்டி. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும், வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் ஊர் திரும்புங்கால் துணிமணியோடு டேப் ரிக்கார்டரையும் கொண்டுவந்தனர். கடையநல்லூர் முதலிய ஊர்களில் அப்பெட்டி நுழையாத தெரு அருமை. அடுத்து வந்தது பாட்டுப் பதியுங் கடை. வேண்டிய பாட்டுக்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வெறுங்கேசட்டையுங் கொடுத்தால், இரண்டு நாளிற் பதிந்து தருவர். உறையின் மேல் பந்துமுனைப் பேனாவால் பாட்டின் முதலடியும் படத்தின் பெயரும் எழுதியிருக்கும். இசையமைத்தவர் பெயர் சில வேளை இருக்கும். பாடியவர் பெயர் பெரும்பாலும் இராது. வயலின் வாசித்தவர், தபேலா வாசித்தவர் பெயரை யார் கேட்டார்கள்? அமெரிக்க அறிஞர் பீட்டர் மானுவேல் 1993-இல் வெளியிட்ட நூலில், இக்கேசட் நம் நாட்டின் வட்டாரச் சங்கீதங்களுக்கு எவ்வாறு உயிர் கொடுத்தது என்பதை விரிவாகக் காட்டியுள்ளார். பெரிய கம்பெனி திரும்பிப் பாராத வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் கேசட்டில் ஏறின. நன்மையும் தீமையும் ஒரே கடையில் விற்றன.

இதற்கிடையே கருவிகளும் மாறிவந்தன. 1983-இல் மிடி என்னும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலாண்ட் கம்பெனியை நிறுவிய இகுடாரோ காகெஹாஷியும் இதற்கு முதல்வர். ஒரு கம்பெனியின் கருவி மற்றொரு கம்பெனியின் கருவியோடு பேசுவதற்குரிய பொதுமொழி அது. பயன்படுத்துவோர் உரிமைப் பணம் செலுத்தவேண்டியதில்லை. மிடியில் ஓசை இல்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்னுங் குறிப்பு மட்டும் உண்டு. சுரம் எழுதிய தாள் தானே வாசித்துக்கொண்டால் எப்படியோ அப்படி. தமிழ்நாட்டில் இளையராஜா ‘புன்னகை மன்னன்’ (1986) படத்திற் கணிப்பொறியின் துணைகொண்டு இசை அமைத்தார். 1992-இல் ‘ரோஜா’ வெளிவந்தபோது, ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு அமைத்த ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்தே ஒரு புதிய ஓசையை நாடு முழுதுங் கேட்கச் செய்தார்.

ஐரோப்பாவிலோ வேறொரு வழியும் பிறந்தது. 1987-இல் ஜெர்மானியரான கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அமிகா என்னும் வீட்டுக் கணிப்பொறிக்காக ஓர் இசையமைப்பு நிரலை எழுதினார். அதனாற் பிறக்குங் கோப்பில் ஒலித்துணுக்குகளும் இருக்கும். அவற்றை எப்போது எப்படி எழுப்புவது என்னுங் குறிப்பும் இருக்கும். சமைத்த உணவையும் சமையற்குறிப்பையும் ஒரே பொட்டலத்திற் கட்டியது போலாம். பள்ளிச் சிறுவர் அக்கோப்புகளைத் தொலைபேசிக் கம்பி வழியாகவும் தபாலிற் செல்லுந் தகடுகள் வழியாகவும் ஒருவருக்கொருவர் அனுப்பினர். பெற்றவன் பாட்டைக் கேட்பதோடு நில்லாமல், திறந்து பார்த்து, இவ்வோசை இங்ஙனம் செய்யப்பட்டதென்று கற்று, அத்துணுக்குகளையே எடுத்துத் தானும் ஒன்று செய்தான். மின்னிசைக்கும் பிற இசைக்கும் உள்ள வேற்றுமை இங்கே புலனாகின்றது. நாதசுரக் கச்சேரியின் பிரதியைப் பெற்றவனுக்கு நாதசுரம் வந்துவிடாது. மின்னிசையின் பிரதியோ கருவியையும் கையிற் கொடுத்துவிடும். கோப்புப் பகிர்வு ஏனைய இசையைப் பரப்பியது. மின்னிசையையோ உள்ளிருந்தே உருமாற்றியது.

இனி, தொடக்கத்திற் சொன்ன அருவிக்கு வருவோம். குறுந்தகட்டில் நான்கு நிமிஷப் பாட்டு ஒன்று ஏறக்குறைய 42 மெகாபைட் இடம் கொள்ளும். தொண்ணூறுகளின் தொலைபேசிக் கம்பியில் அதனை அனுப்புவது வண்டியிற் பேரருவியை ஏற்றுவது போன்ற வேலை. எர்லாங்கன் நகரத்து பிரான்ஹோபர் ஆராய்ச்சிக் கூடத்தைச் சார்ந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவர் துணைவரும், வலிய ஓசை ஒன்று எழும்போது அதன் சுருதிக்கு அண்மையிலுள்ள மெல்லோசைகளையும், அதற்குச் சற்று முன்னும் பின்னும் எழும் மெல்லோசைகளையும் மனிதச் செவி உணராது என்னும் இயல்பைப் பயன்கொண்டனர். கேளாத ஒலியைச் சுமப்பானேன்? அவற்றைக் களைந்தும் சுருக்கியும் எழுதினால் அந்த 42 மெகாபைட் 4 மெகாபைட்டுக்குள் அடங்குகின்றது. இதுவே எம்.பி. 3. அப்பெயர் 1995-இல் இடப்பட்டது.

1999-இல் பாஸ்டன் நகரத்துக் கல்லூரி மாணவரான ஷான் பானிங், நாப்ஸ்டர் என்னும் நிரலை வெளியிட்டார். ஒருவன் கணிப்பொறியிலுள்ள எம்.பி. 3 கோப்பை உலகத்தின் எம்மூலையிலுள்ளவனும் தேடிப் பிரதி எடுத்துக்கொள்ளலாயிற்று. இசைக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 2001 ஜூலையில் அது நின்றது. நின்றும் என்? அவ்வாண்டே பிராம் கோஹன் என்பார் பிட்டொரென்ட் முறையை வகுத்தார். இதில் ஒரு கோப்பைப் பல துண்டுகளாக்கி, ஒரு துண்டைப் பெற்றவன் அதனைப் பெறாதவனுக்குக் கொடுத்துக்கொண்டே தனக்கு வேண்டிய மற்றைத் துண்டுகளைப் பெறுகின்றான். நடுவில் அடைத்துவிடுதற்கு ஒரு மடை இல்லை. பாட்டு மட்டுமன்று, இசையமைக்கும் நிரல்களும் இவ்வழியே சென்றன. பெல்ஜிய நாட்டில் 1997-இல் தோன்றிய ஃப்ரூட்டிலூப்ஸ் என்னும் நிரலின் பூட்டுடைத்த பிரதிகள் எத்தனை வீடுகளுக்குச் சென்றன என்று கணக்கிட்டவர் யார்? விலை கொடுக்க வகையற்ற பிள்ளைகள் கிழக்கு லண்டனின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதனைக்கொண்டே கிரைம் என்னும் புதிய இசைவகையைச் செய்தார்கள். பிரேஸில் தேசத்துப் பெலெம் நகரத்திலோ இதற்கும் ஒரு படி மேலே சென்றனர். அங்கே டெக்னோபிரேகா என்னும் ஆட்டப்பாட்டுக்காரர் தம் பாட்டைத் தாமே தெருவில் தட்டு விற்பவரிடம் கொடுத்து, பிரதி எடுத்து விற்றுக்கொள்ளச் சொல்லிவிடுவர். பாட்டு ஊரெங்கும் பரவும்; மலைபோல ஒலிபெருக்கி அடுக்கிய இரவுக் கேளிக்கைகளுக்கு அழைப்பு வரும்; ஊதியம் அங்கே. கோயிற் கொடைக்குக் குழாய் கட்டும் நம்மூர்க்காரருக்கு இது மிகவும் விளங்கும்.

தமிழரிலும் இவ்வழியே உயர்ந்தவர் ஒருவர் உளர். மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயராற் புகழ்பெற்றவர், 1975-இல் லண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் 1986-இல் மீண்டும் லண்டன் சேர்ந்தவர். சங்கீதம் முறையாகப் பயின்றவரல்லர். ரோலாண்ட் கம்பெனியின் தாளக்கருவி ஒன்றை இரவலாகப் பெற்றுத் தாமே பழகினார். 2003-இல் அவருடைய ‘கலாங்’ என்னும் பாட்டு ஐந்நூறு தட்டுகளே அச்சாயிற்று. ஐந்நூறு தட்டு ஒரு நகரத்துக்கே போதாது. கோப்புப் பகிர்வாலோ அது கடல் கடந்தது. அதன் பின்னரே பெரிய கம்பெனியின் ஒப்பந்தம் வந்தது. 2005-இல் தந்தையின் பெயரால் ‘அருளர்’, 2007-இல் தாயின் பெயரால் ‘கலா’ என்னுந் தொகுதிகள் வெளிவந்தன. ‘கலா’வின் பாட்டொன்றில் உறுமி முழங்குகின்றது, ‘ஜெயம்’ (2003) என்னுந் தமிழ்ப் படத்துப் பாட்டின் துணுக்கும் அதில் உண்டு. கொடை விழாவில் சாமியாட்டத்துக்கு முழங்கும் அதே உறுமி, லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆட்டக்கூடங்களை அதிரச் செய்தது. கேட்டோருள் அக்கருவியின் பெயரை அறிந்தவர் எத்துணையர் இருப்பர்!

பெயரைப் பற்றிய இக்குறை வெறும் அலட்சியத்தால் வந்ததன்று, யந்திரத்திலேயே இருந்தது. எம்.பி. 3 முறையை வகுத்தோர் அதில் பாட்டின் பெயரையோ பாடினவர் பெயரையோ எழுதுதற்கு இடம் வைக்கவில்லை. 1996-இல் எரிக் கெம்ப் என்பார் கோப்பின் கடைசியில் 128 பைட் அளவில் ஒரு வாலை ஒட்டும் வழி கண்டார். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, கலைஞர் பெயருக்கு 30 எழுத்து, தொகுதியின் பெயருக்கு 30 எழுத்து, ஆண்டுக்கு 4. ரோமன் எழுத்தையே எண்ணி அளந்த வால் அது. அதற்குள் ஒரு நாதசுர வித்துவானின் ஊரும் பெயரும் அடங்குவதே அரிது. உடன் தவில் வாசித்தவர் வெளியிலேதான் நிற்கவேண்டும். பிற்காலத்து வால் நீண்டது, தமிழ் எழுத்தும் ஏறிற்று. எனினும் ஒட்டிய வால் அறுந்துபோகும்.

ஏடெழுதிய காலத்திலும் இவ்விபத்து இருந்தது. குறுந்தொகையிற் பாடிய புலவர் சிலரை இன்று செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் வழங்குகின்றோம். அவை அவர்தம் தாய்தந்தையர் இட்ட பெயர்களல்ல. உண்மைப் பெயர் கிடையாமையால் பாட்டிலுள்ள தொடரையே எடுத்து வைத்தவை. பாட்டு நின்றது, பெயர் உதிர்ந்தது. இதற்கு மாறாக மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியதற்கு முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் வழங்கினார். அந்நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். பாட்டைப் பிரதி எடுக்கலாம். நிலத்தைப் பிரதி எடுத்தல் இயலாது.

பிரதியே பெயரை மீட்டுத் தந்ததும் உண்டு; அதனைச் சொல்லாமல் விடுவது நீதியன்று. பம்பாய்த் திரைப்பட வாத்தியக்காரரான சரண்ஜித் சிங், 1982-இல் ரோலாண்ட் கம்பெனியின் மூன்று மின்கருவிகளைக்கொண்டு பத்து இராகங்களை ஆட்டத் தாளத்தில் அமைத்து ஒரு தட்டு வெளியிட்டார். வாங்குவாரில்லை. அவர் கையாண்ட கருவிகளுள் ஒன்று, கிதார் வாசிப்போருக்குப் பக்கத்துணையாகச் செய்யப்பட்டு, விலைபோகாமல் நின்றுவிட்ட மந்தரக்கருவி. அது பழங்கடைகளில் மலிவாகக் கிடைத்தமையால் சிகாகோ நகரத்து இளைஞர் வாங்கித் திருகிப் பார்த்து, 1987-இல் ஆசிட் ஹவுஸ் என்னும் இசைவகையை உண்டாக்கினர். சரண்ஜித் சிங்கின் தட்டு 2010-இல் மறுபதிப்பாகி இணையத்திற் பரவியபோது கேட்டவர் திகைத்தனர்; சிகாகோவின் ஓசை ஐந்தாண்டு முன்னரே பம்பாயிற் பைரவ் இராகத்தில் ஒலித்திருந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்ததன்று. ஒரே கருவி இரண்டிடத்தும் அவ்வாறே பேசிற்று. முதியவர் அயல்நாட்டு மேடைகளில் ஏறி அவ்விராகங்களை மீண்டும் வாசித்தார், 2015-இற் காலமானார்.

தென்காசிக்குத் திரும்புவோம். கேசட் கடைகள் சென்ற நூற்றாண்டோடு மங்கின. அவற்றின் இடத்தில் கைப்பேசிக் கடைகள் வந்து, நகத்தளவான மெமரி கார்டில் நூற்றுக்கணக்கான பாட்டுக்களைச் சிறுதொகைக்கு ஏற்றிக் கொடுத்தன. 2016-க்குப் பின் இணையச் செலவு மிகவுங் குறைந்தபோது அவ்வியாபாரமும் ஓய்ந்தது. இப்போது நடக்குங் கோப்புப் பகிர்வு வேறு. வெளியாருக்கு அது தெரிவதில்லை. யமஹா, ரோலாண்ட் முதலிய ஜப்பானியக் கம்பெனிகள் நம் நாட்டு வாத்திய ஒலிகள் பொதிந்த கீபோர்டுகளை விற்கின்றன. அவற்றிலும் ரிதம் பேட் என்னுந் தாளப்பலகையிலும் புதிய ஒலிகளைக் கோப்பாக ஏற்றலாம். நாதசுரம், தவில், உறுமி, பம்பை ஆகிய ஒலிக்கோப்புகளை இன்னிசைக் குழுவினர் கைப்பேசி வழியே ஒருவருக்கொருவர் அனுப்புகின்றனர். சிலர் விற்கவும் விற்கின்றனர். யாரோ ஒருவர் எப்போதோ எங்கேயோ அடித்த அடி, பல மேடைகளில் வேறொருவர் குச்சியின் கீழ் எழுகின்றது.

கொடை நடத்துவோரைக் குறை சொல்லுவதற்கில்லை. ஐந்தாறு பேருக்குக் கூலியும், வண்டிச்சத்தமும், இரண்டு வேளைச் சோறும் கொடுக்குமிடத்தில் ஒரு பேட்காரர் போதுமென்றால் வரிப்பணத்தை எண்ணிச் செலவிடுவோர் என் செய்வர்? அப்பேட்காரரும் செல்வரல்லர், தவணையில் வாங்கிய கருவி அது. சட்டமோ பாட்டெழுதியவரையும் மெட்டமைத்தவரையும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தாலும், அதன் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் ஓரளவு காக்கின்றது. வாத்தியம் வாசிப்போர்க்கும் அதில் உரிமை கூறப்பட்டுளது. ஆனால் பெயரில்லாத அடிக்கு உரியவரைத் தேடிப்பிடித்துப் பணங் கொடுப்பது யார்?

சென்ற ஆண்டு செங்கோட்டைச் சாலையிலுள்ள ஒரு சிற்றூர்க் கொடையில் இன்னிசைக் குழுவிற் பேட் வாசிக்கும் பையன் ஒருவன், மேளக்காரருள் முதியவரிடம் சென்று, அவருடைய உறுமியைத் தனியே பதிந்துகொள்ள வேண்டுமென்று கேட்டதை நான் அருகிலிருந்து கண்டேன். முதியவர் உறுமியைத் துடைத்துக்கொண்டே, “எலேய், எம் பேரும் இதுக்குள்ள ஏறுமா?” என்றார்.

“ஏறாது தாத்தா. சத்தம் மட்டுந்தான் ஏறும்.”

“அப்பம் நானே சொல்லிப்புடுதேன்” என்று, கைப்பேசியை நோக்கித் தம் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்லி, அதன் பின்னரே குச்சியை வளைத்துத் தோலில் இழுத்தார். பேடில் ஏற்றும்போது முன்னுள்ள அவ்வளவையும் வெட்டித்தான் ஏற்றவேண்டியதாயிற்று என்று பையன் பின்னொரு நாள் என்னிடஞ் சொன்னான். வெட்டாத கோப்பும் தன் கைப்பேசியில் இருப்பதாகச் சொல்லி, அதனை எனக்கும் அனுப்பினான்.